மேற்கே மண், கிழக்கே மாளிகை

மும்பைக்குக் கல் வாய்த்தது, சென்னைக்கு மண் வாய்த்தது. ஆண்டவர்கள் ஒன்று, காலம் ஒன்று, பொறியாளர்கள் படித்த படிப்பும் ஏறக்குறைய ஒன்று. இருந்தும் பம்பாயின் விக்டோரியா டெர்மினஸ் கல்லால் எழுந்தது, சென்னையின் சென்ட்ரல் செங்கல்லால் எழுந்தது. பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் கருங்கல் உண்டுதான். ஆனால் அது உளிக்கு எளிதில் வசப்படாது. அஸ்திவாரத்துக்கும் வாசற்படிக்கும் சாலை ஜல்லிக்கும் ஆகும். வளைவும் மாடமும் கோபுரமும் அதில் செதுக்கப் போனால் காசும் காலமும் கரைந்துவிடும். அதனால் இந்த ஊர் மண்ணைப் பிசைந்து, அறுத்து, சுட்டுத் தன் மாளிகைகளைக் கட்டிக்கொண்டது.

அந்த மாளிகைகளில் பல ஒரே சாலையில் நிற்கின்றன. இன்று ஈ.வெ.ரா. பெரியார் சாலை என்று பெயர்ப்பலகையிலும், பூந்தமல்லி ஐரோடு என்று ஆட்டோக்காரர் வாயிலும் இருக்கும் சாலை அது. அதன் மேற்குக் கோடியைத் தாண்டினால் இன்றும் செங்கல் பிறக்கிறது. கிழக்குக் கோடியில் நூறு வயது தாண்டிய செங்கல் நிற்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு செங்கல்லின் முழு ஆயுளும் கிடைத்துவிடும்.

ஏரியின் அடியில்

சென்னைக்கு மேற்கே ஏரிகளுக்குக் குறைவில்லை. கொரட்டூர், அம்பத்தூர், அயப்பாக்கம், பருத்திப்பட்டு, போரூர், செம்பரம்பாக்கம் என்று போய்க்கொண்டே இருக்கும். ஒவ்வொரு மழைக்கும் மேட்டு நிலத்தின் நுண்மண் ஓடிவந்து ஏரிகளில் படிகிறது. இப்படிப் படிந்த வண்டலும், கரையோர வயல்களின் களிமண்ணும், திருவள்ளூர்ப் பக்கத்தில் சவுடு என்று சொல்கிற மண்ணும் கலந்ததுதான் செங்கல்.

எல்லா மண்ணும் கல் ஆகிவிடாது. களி மிகுந்தால் காயும்போதே வெடிக்கும். மணல் மிகுந்தால் கையில் எடுத்ததும் உதிரும். மண்ணுக்குள் சுண்ணாம்புக் கட்டி இருந்தால், அது சூளையில் வெந்து, பிறகு சுவரில் ஈரம் பட்டதும் பூத்துக் கல்லையே பிளந்துவிடும். உப்பு இருந்தால் சுவரில் வெள்ளை பூக்கும். நிறத்தைக் கொடுப்பது இரும்புச்சத்து. ஆயிரம் டிகிரி செல்சியஸை நெருங்கும் சூட்டில், காற்றோட்டமும் சரியாக இருந்தால், அது நன்றாகச் சிவக்கும்.

மண்ணைச் சுடுவது வெள்ளைக்காரன் கொண்டுவந்த வித்தை அல்ல. திருவள்ளூர் அருகே பட்டரைபெரும்புதூரில் தமிழகத் தொல்லியல் துறை தோண்டியபோது சுடுமண் உறைகிணறு வெளிப்பட்டது. கீழடியின் செங்கல் சுவர்களை இன்று பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். அந்தப் பழைய கல் அகலமானது, பட்டையானது. இரண்டு கையாலும் தூக்கி வைக்க வேண்டும். ஆங்கிலேயர் காலத்துக் கல் ஒரு கையால் எடுத்து வைக்கும் அளவுக்குச் சுருங்கியது. ஒன்பது அங்குல நீளம், நாலரை அங்குல அகலம், மூன்று அங்குல உயரம் என்பது பொதுவான கணக்கு. இரண்டு கல்லின் அகலம் ஒரு கல்லின் நீளம். இந்தக் கணக்கு இருப்பதால்தான் ஒரு வரிசை நீளவாக்கிலும் அடுத்த வரிசை குறுக்குவாக்கிலும் வைத்து, இணைப்பு ஒன்றன்மேல் ஒன்று வராமல் சுவரைப் பின்ன முடிகிறது. பழைய கட்டடங்களின் சுவரை நெருங்கிப் பார்த்தால் இந்தப் பின்னல் தெரியும்.

அறுப்பும் தீயும்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தரை காய்ந்த பிறகுதான் கல் அறுப்பு தொடங்கும். முந்தின நாளே மண்ணைக் கொத்தி, நீர் விட்டு ஊறவைத்து, மிதித்துப் பதமாக்குவார்கள். அச்சில் அடித்து, மேலே துருத்தும் மண்ணை வழித்துவிட்டு, மணல் தூவிய களத்தில் கவிழ்த்தால் ஒரு பச்சைக்கல். ஒரு பக்கம் இறுகியதும் புரட்டிப்போட வேண்டும். பிறகு காற்றுப் புக இடைவெளி விட்டு அடுக்க வேண்டும். நடுவில் ஒரு கோடைமழை வந்தால் அவ்வளவும் மறுபடி சேறு.

கூலி ஆயிரம் கல் கணக்கில். அதனால் குடும்பத்தோடுதான் வேலை. ஒருவர் மண் குழைக்க, ஒருவர் அச்சடிக்க, பிள்ளைகள் கல் புரட்ட என்று களத்திலேயே குடும்பம் நடக்கும். திருவள்ளூர் மாவட்டச் சூளைகளுக்கு ஒடிசாவின் பலாங்கீர், நுவாபடா மாவட்டங்களிலிருந்து முன்பணம் வாங்கிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. உள்ளூர் இருளர் குடும்பங்களும் உண்டு. வாங்கிய முன்பணம் கழியாமல் களத்தை விட்டுப் போகக்கூடாது என்று நிறுத்தி வைத்தால் அதற்குப் பெயர் கொத்தடிமை முறை. 1976-ஆம் ஆண்டுச் சட்டம் அதை ஒழித்தது. அதன் பிறகு பல பத்தாண்டுகள் கடந்தும் இந்த மாவட்டத்துச் சூளைகளிலிருந்து அதிகாரிகள் தொழிலாளர்களை மீட்க வேண்டியிருந்தது. கல்லின் முகத்தில் உள்ள பள்ளத்தில் சூளைக்காரரின் முதலெழுத்துகள் பதிந்திருக்கும். அறுத்தவருடையது என்று சொல்ல, ஈரம் காயுமுன் தவறிப் பட்ட விரல்தடம் மட்டும் சில கற்களில் இருக்கும்.

பச்சைக்கல்லைச் செங்கல் ஆக்குவது தீ. நாட்டுச் சூளையில் கல்லையே மேடாக அடுக்கி, இடையில் விறகு திணித்து, வெளியே சேறு பூசிக் கொளுத்துவார்கள். நடுவில் இருப்பது பதமாக வேகும். ஓரத்தில் இருப்பது அரைவேக்காடு. தீவாய்க்குப் பக்கத்தில் இருப்பது கருகி உருகிப்போகும். ஒரே சூளையில் மூன்று நிறம், மூன்று வலு. சாந்து பூசி மறைக்கிற சுவருக்கு இது போதும். மேனி தெரிய நிற்கும் சுவருக்குப் போதாது.

இந்தச் சிக்கலுக்கு விடை விக்டோரியா காலத்தில்தான் வந்தது. ஜெர்மானியர் ஃபிரீட்ரிக் ஹாஃப்மன் 1858-இல் தீ அணையாமல் சுற்றிவரும் சூளைக்குக் காப்புரிமை பெற்றார். 1876-இல் புல் என்ற ஆங்கிலப் பொறியாளர் அதை எளிமையாக்கி, தரையில் தோண்டிய நீள்வட்ட அகழியாக மாற்றினார். தீக்கு முன்னால் இருக்கும் பச்சைக்கல் அதன் சூட்டிலேயே காய்கிறது. பின்னால் இருக்கும் வெந்த கல், உள்ளே வரும் காற்றுக்குத் தன் சூட்டைக் கொடுத்து ஆறுகிறது. எரிபொருள் மிச்சம், கல்லும் சீராக வேகும். இந்தியாவின் பெரிய சூளைகள் இன்றும் பெரும்பாலும் இந்த வழியிலேயே எரிகின்றன. சென்னை மேஸ்திரிகள் நாட்டுக் கல்லைவிட அதிக விலை கொடுத்து, இப்படிச் சுட்ட சேம்பர் கல் கேட்பதும் மூலை மழுங்காத, அளவு மாறாத, ஒரே நிறக் கல் வேண்டும் என்பதற்காகத்தான்.

சூளை மேற்கே போன கதை

செங்கல் கனமான சரக்கு, ஆனால் மலிவான சரக்கு. மாட்டுவண்டியில் அதிக தூரம் கொண்டுபோனால் கல்லின் விலையை வண்டிக்கூலி தின்றுவிடும். ஆகவே மாட்டுவண்டிக் காலத்தில் சூளை நகரத்தை ஒட்டியே இருந்தாக வேண்டும். சென்ட்ரல் நிலையத்துக்குச் சற்றே வடமேற்கில் சூளை என்று ஒரு பேட்டை. அங்கிருந்து மேற்கே கூவம் ஓரமாகப் போனால் சூளைமேடு. இரண்டிலும் இன்று புகை இல்லை, பெயர் மட்டும் உண்டு. நகரம் மனை கேட்கக் கேட்கச் சூளை பின்வாங்கியது. இன்று பூந்தமல்லியையும் திருமழிசையையும் தாண்டித் திருவள்ளூர், ஊத்துக்கோட்டைப் பக்கம் போனால்தான் சூளைகளைப் பார்க்கலாம்.

இந்த வட்டாரத்தின் பொதி சுமக்கும் வரலாறு பழையது. விக்டோரியா அரியணை ஏறிய 1837-இல் செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டைக்கு, சாலை போடக் கல் கொண்டுவருவதற்காகவே ஒரு ரயில்பாதை ஓடியது. இந்தியாவின் முதல் ரயில்பாதை என்று பலர் குறிப்பிடுவது அதைத்தான். 1856 ஜூலை முதல் நாள் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை பயணிகள் ரயில் தொடங்கியபோது, பாதை அம்பத்தூர், ஆவடி, திருவள்ளூர் மண்ணில்தான் போடப்பட்டிருந்தது. பூந்தமல்லியோ ஐரோப்பியச் சிப்பாய்கள் உடல்தேற வந்து தங்கிய கன்டோன்மென்ட். மேற்கும் நகரமும் அப்போதே ஒன்றோடொன்று கட்டுண்டு கிடந்தன.

வெள்ளைப் போர்வை

கம்பெனி காலத்துச் சென்னை சிவப்பாக இல்லை, வெள்ளையாக இருந்தது. உள்ளே செங்கல்தான், ஆனால் அதை யாருக்கும் காட்டக்கூடாது என்பது அக்காலத்து ருசி. கிரேக்க, ரோமானியக் கோயில்களின் சலவைக்கல் தோற்றம் வேண்டும், சலவைக்கல்லோ இல்லை. கடற்கரைக் கிளிஞ்சலைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பில் நுண்மணலும் வெல்லமும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து அரைத்து, பல பூச்சாகப் பூசி, கூழாங்கல்லால் தேய்த்துப் பளபளப்பாக்கினார்கள். மெட்ராஸ் சுண்ணாம்புப் பூச்சு என்று அதற்கு வெளிநாட்டுப் பயணிகளிடம் பெரும்பேர்.

எழும்பூரில் இதே சாலையோரம் நிற்கும் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் இந்தக் காலத்தின் சாட்சி. மேஜர் தாமஸ் டி ஹாவிலாண்ட் கட்டி 1821-இல் திறக்கப்பட்டது. இடம் சதுப்பு நிலம். ஆழத் தோண்டிக் கல் போட வழியில்லை. அதனால் நம் ஊர் உறைகிணற்று முறையிலேயே சுடுமண் உறைகளை வரிசை வரிசையாக இறக்கி, அவற்றின் மேல் முழுக் கட்டடத்தையும் ஏற்றினார்கள். மேலே இருப்பது லண்டன் பாணி, கீழே தாங்குவது பட்டரைபெரும்புதூர்க்காரனுக்கும் தெரிந்திருந்த வித்தை. சுவர் செங்கல், குவிமாடமும் செங்கல். வெளியே தெரிவது வெள்ளை மட்டும்.

போர்வையைக் கழற்றிய காலம்

இங்கிலாந்தில் 1784 முதல் செங்கல்லுக்கு வரி இருந்தது. அது 1850-இல் நீங்கியது. ரயில் வந்து, செங்கல்லை நாடு முழுக்கக் கொண்டுபோனது. அதே சமயம், கட்டடம் பொய் சொல்லக்கூடாது, எதனால் கட்டியிருக்கிறதோ அதைக் காட்ட வேண்டும் என்ற எண்ணம் கட்டடக்கலைஞர்களிடம் வலுத்தது. வில்லியம் மோரிசுக்காக ஃபிலிப் வெப் 1860-இல் கட்டி முடித்த 'ரெட் ஹவுஸ்' பூச்சில்லாத செங்கல் வீடு. பின்னால் வந்த எத்தனையோ வீடுகளுக்கு முன்மாதிரி. 1873-இல் லண்டன் செயின்ட் பான்கிராஸ் நிலையத்தின் முகப்பில் மிட்லண்ட் கிராண்ட் ஹோட்டல் செக்கச்செவேலென்று திறக்கப்பட்டது. அதே 1873-இல் ஜார்ஜ் ஹார்டிங் வடிவமைத்த சென்ட்ரல் நிலையம் சென்னையில் திறக்கப்பட்டது. 1856-இல் தூண் வைத்துச் சாந்து பூசிய ராயபுரத்துக்கும், 1873-இல் சிவந்து நின்ற சென்ட்ரலுக்கும் இடையே பதினேழே ஆண்டுகள். அதற்குள் ருசி தலைகீழாகிவிட்டது.

சென்னையில் இந்த ருசியை ஊன்றியவர்களில் முதல்வர் ராபர்ட் ஃபெல்லோஸ் சிஷோம். மாநிலக் கல்லூரி, செனட் ஹவுஸ், தலைமை அஞ்சலகம் ஆகியவை அவர் கைவரிசை. பூந்தமல்லிச் சாலையில் இருக்கும் கலைப்பள்ளிக்கும் (இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரி) அவர் தலைவராக இருந்தார். 1850-இல் மருத்துவர் அலெக்சாண்டர் ஹன்டர் தொடங்கிய அந்தப் பள்ளியில் ஓவியத்தோடு மட்பாண்டமும் சுடுமண் வேலையும் கற்றுக்கொடுத்தார்கள். செங்கல்லைச் சுவருக்கு மட்டும் என்று வைக்காமல் அலங்காரத்துக்கும் ஆக்கிய கைகள் அங்கே பழகியவை.

சிஷோமின் செங்கல்லை முழுதாகப் பார்க்க விக்டோரியா பப்ளிக் ஹாலுக்குப் போக வேண்டும். சென்னைக்கு ஒரு நகர மண்டபம் வேண்டும் என்று ஊர்ப் பெரியவர்கள் கூடி முடிவெடுக்க, 1883 டிசம்பர் 17 அன்று விஜயநகரம் மகாராஜா ஆனந்த கஜபதி ராஜு அடிக்கல் நாட்டினார். 1887-இல் வந்த ராணியின் பொன்விழாவை ஒட்டி அதற்கு விக்டோரியா பெயர் சூட்டினார்கள். பீப்பிள்ஸ் பார்க் நிலத்தில் சென்ட்ரலுக்குப் பக்கத்தில் நிற்கிறது. கீழும் மேலும் நீண்ட கூடங்கள், வளைவு வளைவாகத் தாழ்வாரம், ஒரு சதுரக் கோபுரம். கோபுரத்தின் தலையில் இருப்பது ஐரோப்பியக் கூரை அல்ல. கேரளக் கோயிலில் பார்க்கும் சரிவுக் கூரை. திருவனந்தபுரத்தில் நேப்பியர் அருங்காட்சியகத்தை வடிவமைத்தபோது அந்த நாட்டுக் கூரை சிஷோமைப் பிடித்துக்கொண்டது. ஆங்கில ராணியின் பெயர், இத்தாலிய வளைவு, மலையாளக் கூரை, தமிழ் மண்.

கட்டிக் கொடுத்தவர் தாட்டிகொண்ட நம்பெருமாள் செட்டி. 1856-இல் பிறந்து 1925-இல் மறைந்த இந்த ஒப்பந்தக்காரர் கைபடாத சிவப்புக் கட்டடத்தைச் சென்னையில் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஹென்றி இர்வின் மேற்பார்வையில் 1892-இல் முடிந்த உயர் நீதிமன்றம், அதை ஒட்டிய சட்டக் கல்லூரி, கன்னிமாரா நூலகம், விக்டோரியா நினைவு மண்டபம் எல்லாம் அவர் கட்டியவை. வரைபடத்தில் கோடு போட்டவர் ஆங்கிலேயர். அந்தக் கோட்டுக்கு எத்தனை கல், எந்தச் சாந்து, எந்தக் கொத்தனார் என்று தீர்த்தவர் செட்டியார். இதே சாலையை ஒட்டிய சேத்துப்பட்டில் அவருக்கு வீடுகள் பல இருந்தன. கணித மேதை ராமானுஜன் இங்கிலாந்திலிருந்து நோயோடு திரும்பி, 1920 ஏப்ரல் 26 அன்று உயிர்விட்டது அவற்றில் ஒன்றில்தான்.

விக்டோரியா பப்ளிக் ஹாலின் சுவர்கள் கேட்டவை கொஞ்சமல்ல. 1897-இல் விவேகானந்தர் தம் செயல்திட்டத்தை இங்கே அறிவித்தார். பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை இங்கே நாடகம் போட்டது. சென்னைக்கு வந்த முதல் சலனப்படங்களை மக்கள் இங்கே பார்த்தார்கள். நீதிக்கட்சியின் பிறப்போடும் இந்த மண்டபத்தின் பெயர் சேர்ந்தே வருகிறது.

சுவருக்கு உள்ளே

மாளிகைக்கு மட்டுமல்ல, அக்காலத்து வீட்டுக்கும் அடிப்படை இதே செங்கல்தான். ஒன்றரை அடி, இரண்டடிச் சுவர். கனத்த சுவர் பகல் வெயிலை உள்வாங்கிக்கொண்டு மெதுவாகத்தான் உள்ளே விடும். உயர்ந்த கூரை, எதிரெதிர் ஜன்னல், வெயிலும் சாரலும் சுவரைத் தொடாமல் காக்கும் தாழ்வாரம்.

கூரையில் செங்கல் செய்த வேலைதான் வியப்பு. மெட்ராஸ் டெரஸ் என்று இந்தியா முழுக்கப் பெயர் பெற்றது அது. சுவருக்குச் சுவர் தேக்கு உத்தரம். அதன் மேல் நெருக்கமாகக் கட்டைகள். கட்டைகளின் மேல் ஒரே அங்குலக் கனமுள்ள சின்னச் செங்கல்லை நெட்டுக்குத்தாக நிறுத்தி, மூலைவாக்கில் வரிசை வரிசையாகச் சுண்ணாம்பில் பதிப்பார்கள். அது இறுகியதும் மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த காரை. கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். தட்டத் தட்டக் காரை இறுகி, நீர் புகாத பலகையாகிவிடும். கடைசியில் தட்டோடு. கம்பியும் கிடையாது, சிமெண்டும் கிடையாது. தட்டையான மாடி நூறு ஆண்டு மழையைத் தாங்கியது.

இதில் கவனிக்க வேண்டியது சுண்ணாம்பு. சுண்ணாம்புச் சாந்து செங்கல்லைவிட மெத்தென்றது. கட்டடம் லேசாக அசைந்தால் சாந்து விட்டுக்கொடுக்கும், கல் உடையாது. சுவருக்குள் ஏறிய ஈரம் இணைப்பு வழியாக வெளியேறும். உப்பும் அங்கேயே பூத்துச் சாந்தை அரிக்குமே தவிரக் கல்லை அரிக்காது. அரித்த சாந்தைச் சுரண்டிவிட்டுப் புதுச் சாந்து அடைத்தால் சுவர் மறுபடி புதுசு. சுண்ணாம்பு தன்னைக் கொடுத்துக் கல்லைக் காக்கிறது.

சிமெண்ட் வந்த பிறகு

இருபதாம் நூற்றாண்டில் சிமெண்ட் வந்தது. சீக்கிரம் இறுகும், அரைக்க வேண்டாம், தட்ட வேண்டாம். புதுக் கட்டடத்துக்கு அது வசதிதான். பழைய கட்டடத்துக்கு விஷம். பழுதான சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் அடைத்தால், இணைப்பு கல்லைவிடக் கெட்டியாகிவிடுகிறது. ஈரம் வெளியேற வேறு வழியில்லாமல் கல்லின் முகம் வழியாகவே வருகிறது. உப்பு கல்லுக்குள் பூத்து, மேல்தோல் பொரிந்து உதிர்கிறது. அதை மறைக்கப் பெயின்ட் அடித்தால் மிச்சம் இருந்த வழியும் அடைபடும். சிவப்புக் கட்டடத்தின் மேல் சிவப்புப் பெயின்ட் அடித்துவிட்டுப் புதுப்பித்ததாகப் பெயர் பண்ணிய இடங்கள் இந்த ஊரில் உண்டு.

விக்டோரியா பப்ளிக் ஹால் இன்னொரு விதமாகவும் நலிந்தது. நிலக் குத்தகைக் காலம் முடிந்து வழக்குகள் நீள, கதவுகள் ஆண்டுக்கணக்கில் மூடிக் கிடந்தன. ஆள் புழங்காத கட்டடத்தில் ஓர் ஓட்டை அடைபடாமல் இருந்தாலே போதும், விரிசலில் ஆலும் அரசும் வேர்விட்டுவிடும். 2023-இல் சிங்காரச் சென்னை 2.0 திட்டத்தில் சுமார் 32 கோடி ரூபாயில் மாநகராட்சி சீரமைப்பைத் தொடங்கியது. சேப்பாக்கத்தின் கலச மகால் 2012 ஜனவரியில் தீயில் எரிந்தபோது இடித்துவிடலாம் என்ற பேச்சு எழுந்தது. நிபுணர்கள் நிற்கும் என்றார்கள். பொதுப்பணித் துறை சுண்ணாம்பு, கடுக்காய், வெல்லம் என்று பழைய பக்குவத்தைத் தேடிப் பிடித்து மீட்டது. இந்த இரண்டு வேலையிலும் கற்றுக்கொண்ட கொத்தனார்களின் கைதான் இனி மற்றக் கட்டடங்களுக்கு மூலதனம்.

எல்லாவற்றுக்கும் அந்த யோகம் கிடைக்கவில்லை. 1900-இல் திறந்த மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்துபோனது. 1897-இல் எழுந்த அண்ணா சாலை பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை இடிக்கும் முயற்சியை 2010-இல் உயர் நீதிமன்றம்தான் நிறுத்தியது. தீர்ப்புச் சொன்ன நீதிமன்றமும் செங்கல் கட்டடம். 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியக் கப்பல் எம்டன் சுட்ட குண்டு விழுந்த வளாகம் அது. கட்டடம் இன்றும் வேலை செய்கிறது.

இரண்டாம் பிறவி

கட்டடம் இடிந்தாலும் செங்கல் சாக வேண்டியதில்லை. சுண்ணாம்பில் கட்டிய சுவரைக் கடப்பாரை போட்டு நெம்பினால் கல் முழுசாகக் கழன்று வரும். ஒட்டிய சாந்தைக் கொத்துக் கரண்டியால் தட்டினால் உதிரும். பழைய கட்டடச் சாமான் வியாபாரிகள் பழங்காலத் தேக்கு உத்தரத்தையும் கதவையும் முதலில் வாங்குவார்கள்; அடுத்து இந்தக் கல்லை. நன்றாக வெந்த பழைய கல் மதில் சுவருக்கும், தோட்டத்து நடைபாதைக்கும், வெளிப்பூச்சு இல்லாத புது வீட்டுக்கும் போகிறது. லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய, நடுவில் காற்றறை விட்டுக் கல்லைக் குத்திட்டு வைக்கும் எலிப்பொறிக் கட்டு முறை தமிழ்நாட்டிலும் வேரூன்றியபோது, மேனி காட்டும் செங்கல் வீட்டுக்கு மறுபடி ஆள் வந்தார்கள். கல்லும் கால்வாசி மிச்சம்.

சிமெண்டில் கட்டிய கல்லுக்கு இந்த மறுபிறவி கிடையாது. பிரிக்கப் போனால் சாந்து விடாது, கல்தான் உடையும். ஜேசிபி வந்து அரை நாளில் வீட்டைத் தரைமட்டமாக்கினால் மிஞ்சுவது ஜல்லிதான். அதில் ஒரு பங்கு பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் உள்ள கட்டட இடிபாட்டு ஆலைகளுக்குப் போய் நடைபாதைக் கல்லாகிறது. மறுபங்கு ராத்திரியோடு ராத்திரியாக மேற்கே வந்து ஏரிக்கரையிலேயே கொட்டப்படுகிறது. ஏரியிலிருந்து போன மண் ஏரிக்கே குப்பையாக வந்து சேர்கிறது.

புதுக் கல்லுக்கோ மண் எளிதில் கிடைப்பதில்லை. ஏரி மண்ணுக்கு அனுமதி வேண்டும். வயலின் மேல்மண்ணை விற்றால் வயல் போச்சு. அனல்மின் நிலையங்களைச் சுற்றிய சூளைகள் மண்ணில் கால் பங்கு சாம்பல் கலக்க வேண்டும் என்று மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் 1999-இல் ஆணையிட்டது. இன்று அம்பத்தூர், ஆவடி அடுக்குமாடிகளில் சாம்பல் கல்லும் காற்றறைக் கான்கிரீட் பாளமும்தான் அதிகம். பூந்தமல்லிக்கு அப்பால் உள்ள குத்தம்பாக்கத்தில், ஊராட்சித் தலைவராக இருந்த இளங்கோ சூளைக்கே போகாத மண்கல்லால் சமத்துவபுர வீடுகளைக் கட்டிக் காட்டினார். உள்ளூர் மண்ணை அழுத்திச் செய்த கல். தீயும் இல்லை, முன்பணமும் இல்லை.

ஆக, இனி இந்த ஊரில் நல்ல செங்கல் என்பது பெரும்பாலும் ஏற்கெனவே சுவரில் இருக்கும் செங்கல்தான். அம்பத்தூரிலோ வில்லிவாக்கத்திலோ பெரம்பூரிலோ உங்கள் பாட்டன் கட்டிய வீடு இருந்தால், இடிக்க ஆள் கூப்பிடுவதற்கு முன் இணைப்பைச் சாவியால் சுரண்டிப் பாருங்கள். வெள்ளையாக மாவு உதிர்ந்தால் அது சுண்ணாம்புச் சுவர். அதில் சிமெண்ட் பூசாதீர்கள், பெயின்ட் அடிக்காதீர்கள். சுண்ணாம்பு தெரிந்த கொத்தனாரைத் தேடுங்கள். இடித்தே ஆகவேண்டும் என்றால் ஜேசிபியை நிறுத்திவிட்டுக் கடப்பாரைக்காரர்களை வையுங்கள். பத்து நாள் கூடுதலாக ஆகும். ஆனால் அந்தக் கல் இன்னொரு வீட்டில் இன்னும் நூறு ஆண்டு இருக்கும். ஏரியிலும் அந்த அளவுக்கு மண் மிஞ்சும்.